எல்லை தாண்டினால் கேட்காத மாத்திரை

அத்தியாயம் 5

அவர்கள் துரத்திக்கொண்டிருந்த திருடன் திருடனே இல்லை என்பது, கோட்டுகாலில் ஒரு மொட்டைமாடிப் புறாக்கூட்டின் முன்னால் நின்றபோதுதான் கல்யாணசுந்தரிக்குத் தெரிந்தது.

ஜிஜின் கேரள எல்லையோரத்துப் பாறசாலையில் டாக்டர் கைலாசநாதனின் சிறுநீரக மருத்துவமனையில் மருந்து எடுத்துக் கொடுப்பவன். சாயங்காலம் வேலை முடிந்து போகும்போதெல்லாம் கனத்த துணிப்பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு போவான். அந்தப் பைக்குள்தான் தன் கணவனுக்கு நிறுத்தப்பட்ட மாத்திரைகள் வெளியே போகின்றன என்று வழக்கைக் கொண்டுவந்த கட்சிக்காரி விலாசினி தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தாள். அதை நம்பி மழையிலும் வெயிலிலும் அவன் பின்னால் ஸ்கூட்டரில் அலைந்தாயிற்று. இன்று பையைத் திறக்கச் சொன்னபோது அவன் மறுப்பேதும் சொல்லாமல் திறந்தான். உள்ளே சோளம், கம்பு, உடைத்த பட்டாணி. தானியம் தரையில் விழுந்த சத்தத்துக்கு அக்கம்பக்கத்துக் கூரைகளிலிருந்தெல்லாம் புறாக்கள் இறங்கி வந்தன. சாம்பல் நிறச் சால்வை ஒன்றை யாரோ உதறி விரித்ததுபோல மாடி நிறைந்துவிட்டது.

"அக்கா, ஒரு காரியம் உறுதியாச்சு," என்றான் அவளுடைய உதவியாளன் சஜி. "இந்தப் புறாவுக்கெல்லாம் கிட்னிக்குக் கேடு ஒண்ணும் இல்ல."

கல்யாணசுந்தரி சிரிக்கவில்லை. பல வருடம் அரசாங்கத்தில் மருந்து ஆய்வாளராக இருந்தவள். போலி இருமல் மருந்தையும், காலாவதித் தேதியைச் சுரண்டி அழித்த ஊசிமருந்தையும் பிடித்தவள். அங்கே குற்றம் என்றால் அதற்கு ஒரு கை இருந்தது, ஒரு முகம் இருந்தது. வேலையை விட்டுவிட்டுப் பாறசாலையில் ஒரு ஃபோட்டோஸ்டாட் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் திறந்தபோது, மிச்சக் காலத்திலும் அப்படிப்பட்ட குற்றங்களே கிடைக்கும் என்று நினைத்துவிட்டாள். சஜி அன்றிலிருந்து அவளுடைய ஸ்கூட்டரையும் பொறுமையையும் சேர்த்து ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

விலாசினி கொண்டுவந்த வழக்கு சிறியது, ஆனால் அவசரமானது. அவள் கணவன் மோகனன் கொல்லயிலில் தண்ணீர் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். சிறுநீரகம் மெல்லக் கெட்டுக்கொண்டிருந்தது. ஒரு மாத்திரை அதைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தது. கடைகளுக்கு இன்னும் வராத மாத்திரை. கம்பெனி நேராகச் சில மருத்துவமனைகளுக்கு மட்டும் அனுப்புவது. அதைத் திடீரென்று நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து ரத்தப் பரிசோதனை எண்கள் ஏறத் தொடங்கின. வருகிற திங்கட்கிழமை டயாலிசிஸுக்கு ஆயத்தமாக அவர் கையில் ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைக்க நாள் குறித்தாயிற்று. காயில் கட்டுகிறவனுக்குக் கைதான் எல்லாம்.

புறாக்களுக்கு நடுவே நின்றபடி ஜிஜின் தனக்குத் தெரிந்ததைச் சொன்னான். மாத்திரை குறையவில்லை, அலமாரி நிறைய இருக்கிறது. டாக்டர்தான் சிலருக்கு நிறுத்தச் சொன்னார். யாருக்கு என்றால், அடையாள அட்டையில் தமிழ்நாட்டு விலாசம் உள்ளவர்களுக்கு. மோகனன் பிறந்தது எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டுக் களியக்காவிளையில். அட்டையிலும் அதுதான்.

"காரணம் என்னவாம்?"

"அந்தப் பக்கத்துக்காரங்களுக்கு அது கேக்காதாம். டாக்டர் பறஞ்சதாக்கும்," என்றான் ஜிஜின்.

சஜி ஸ்கூட்டரைக் கிளப்பினான். களியக்காவிளை செக்போஸ்டில் கோழி லாரியை நிறுத்திப் பார்த்திருக்கிறேன், மாத்திரையை நிறுத்துவது இப்போதுதான் கேள்விப்படுகிறேன் என்றான். ஒரு மாநிலத்து ஆட்களை மட்டும் பொறுக்கி ஒதுக்குகிற டாக்டருக்குப் பின்னால் ஒரு போட்டிக் கம்பெனியாவது இருக்கும், வாங்கிய வெளிநாட்டுப் பயணமாவது இருக்கும் என்று கல்யாணசுந்தரியின் மனம் கணக்குப் போட்டது. அப்படி ஏதாவது இருந்துவிட்டால் நல்லது என்றுகூட ஆசைப்பட்டது.

டாக்டர் கைலாசநாதன் அந்த ஆசையில் மண்ணைப் போட்டார்.

அவருடைய முன்னோர் திருவிதாங்கூர் அரசாங்கத்தில் கணக்கெழுதியவர்கள். நிலபுலம் உள்ள சைவக் குடும்பம். ஆறடி உயரம், நெற்றியில் மெல்லிய திருநீறு, வெட்டிப் பேசாத குரல். காரணத்தைக் கேட்டதும் மறைக்கவில்லை. மகள் கல்யாண ஆல்பத்தைக் காட்டுகிறவர்போல மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு ஆய்வுக் கட்டுரையை எடுத்து விரித்தார். அந்த மாத்திரையைப் பற்றி உலகில் நடந்த சோதனைகளை எல்லாம் திரட்டி ஒன்றாகக் கூட்டிப் பார்த்த கட்டுரை. கடைசிப் பக்கத்தில் ஒரு படம். நடுவில் ஒரு செங்குத்துக் கோடு. இரண்டு பக்கமும் மீசை முளைத்த சின்னச் சின்னச் சதுரங்கள். கீழே வைரக்கல் வடிவத்தில் இரண்டு. கேரளத்து நோயாளிகளின் வைரக்கல் கோட்டைத் தொடாமல் நல்ல பக்கத்தில் நின்றது. தமிழ்நாட்டு வைரக்கல் கோட்டின்மேல் உட்கார்ந்திருந்தது.

"கோட்டத் தொட்டா பலன் இல்லைன்னு அர்த்தம்," என்றார். தண்ணீர், கருவாடு, புளி, உப்பு என்று காரணங்களை அடுக்கினார். இந்த மாத்திரையால் சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். பலனே இல்லாதவர்களுக்குத் தலைசுற்றலை மட்டும் கொடுக்கத் தனக்கு மனம் வரவில்லை என்றார். அவர் குரலில் பொய் இல்லை. அதுதான் கல்யாணசுந்தரிக்கு எரிச்சலாக இருந்தது.

"டாக்டரே, எனக்க மாமா வீட்டுக்கு நடுவுல கூடி எல்லைக் கல்லு போகுது," என்றான் சஜி. "அடுக்களை தமிழ்நாடு, கக்கூஸ் கேரளம். மாமாவுக்க கிட்னி எந்த மாநிலம்?"

டாக்டர் அவனை நோயாளியைப் பார்க்கிற கண்களால் பார்த்தார். படம் வரைந்தவர்கள் முட்டாள்கள் இல்லை என்றார்.

அந்தப் படம் வரைந்தவர்களில் ஒருத்தி அரைமணி தூரத்தில் இருந்தாள். கட்டுரையின் தலைப்பில் இருந்த பெயர்களில் ஒன்று ஆர்யா, ஊர் செங்கல். பெரிய சிவபார்வதி கோயிலுக்குப் பின்னால், கோயிலுக்கு வந்த பேருந்துகள் எல்லாம் ஹாரன் அடித்துத் திரும்புகிற சந்தில், வீட்டிலிருந்தே புள்ளிவிவர வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். வயது முப்பதைத் தாண்டியிருக்காது. டாக்டர் கைலாசநாதன் என்ற பெயரைக் கேட்டதும் கதவைச் சாத்தப் போனாள். பிறகு என்ன நினைத்தாளோ, முழுதாகத் திறந்தாள்.

அவர் படத்தைத் தப்பாகப் படிக்கிறார் என்று கேள்விப்பட்டு அவருக்கு இரண்டு முறை எழுதியிருக்கிறாளாம். இரண்டு முறையும் 'நன்றி' என்று ஒரு சொல் பதில் வந்ததாம்.

கட்டுரையின் விடை ஒன்றுதான் என்றாள் ஆர்யா. எல்லாச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தால் மாத்திரை உதவுகிறது. அதற்குப் பிறகு, பிரசுரத்துக்கு முன் கட்டுரையைச் சரிபார்க்கிற பத்திரிகை ஆய்வாளர்களில் ஒருவர், மாநிலவாரியாகப் பிரித்துக் காட்டுங்கள் என்று கேட்டார். இன்னொருவர் வயதுவாரியாக. இன்னொருவர் எடைவாரியாக.

"மொத்தம் எத்தனை விதமா வெட்டினீங்க?" என்று கேட்டாள் கல்யாணசுந்தரி.

"எண்ணிக்கை விட்டுப்போச்சு சேச்சி. ஒரு பத்துப் பதினஞ்சு இருக்கும்."

"ஃபுட்பால்ல அர்ஜென்டினா ரசிகர், பிரேசில் ரசிகர்னு வெட்டினியளா?" என்றான் சஜி.

"கேட்டிருந்தா அதுவும் செஞ்சிருப்போம்," என்றாள் அவள், சிரிக்காமல். "ஏதாவது ஒரு டீம் ரசிகர்களுக்குக் கேக்கல்லன்னு வந்திருக்கும். இத்தனை தடவை வெட்டினா ஒண்ணாவது கோணலா விழும்."

சஜி, தான் பிரேசில் ரசிகன் என்றும், தன் சிறுநீரகத்துக்கு இப்போதே பயமாக இருக்கிறது என்றும் சொன்னான். ஆர்யா காதில் அது விழவில்லை. அவளுடைய கோபம் இன்னும் தீரவில்லை. வைரக்கல் கோட்டைத் தொட்டால் பலன் இல்லை என்று பொருள் இல்லை; அந்தப் பிரிவில் ஆள் குறைவு, உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றுதான் பொருள். இங்கே கோட்டைத் தாண்டியது, அங்கே தொட்டது என்று தனித்தனியாகப் பார்த்து முடிவு கட்டக் கூடாது. இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் நிஜமா என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்டுப் பார்த்தாள், தற்செயலாகவே அவ்வளவு வித்தியாசம் வரலாம் என்றது கணக்கு. அதைப் படத்துக்குக் கீழேயே எழுதியிருக்கிறாள். படத்துக்குக் கீழே யார் படிக்கிறார்கள்?

"சரி, வித்தியாசம் நிஜமாவே இருந்ததுன்னே வச்சுக்குவோம்," என்றாள் கல்யாணசுந்தரி. "அப்ப மண்ணுதான் காரணமா?"

ஆர்யா தலையில் கைவைத்துக்கொண்டாள். கேரளத்துச் சோதனைகள் ஒரு வருடம் நடந்தவை. தமிழ்நாட்டில் நடந்தவை ஆள் கிடைக்காமல் மூன்று மாதத்தில் மூடப்பட்டவை. இந்த மாத்திரை முதல் சில வாரங்களில் ரத்தப் பரிசோதனையைக் கொஞ்சம் மோசமாகக்கூடக் காட்டும். பலன் தெரியப் பொறுக்க வேண்டும். இரண்டு மாநிலங்களை ஒப்பிடுகிறோம் என்று நினைத்து, டாக்டர் உண்மையில் மூன்று மாதத்தையும் பன்னிரண்டு மாதத்தையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

"அது மட்டுமா? அங்க தமிழ்நாட்டுல சேர்ந்தவங்களுக்கு எல்லாம் நீல ஃபிளாஸ்க் ஒண்ணு கொடுத்தாங்க, மூடியில சிறுநீரகப் படம் போட்டது. இங்க மூணு மடக்குக் குடை. அவரு பார்க்கிற மாதிரி பார்த்தா, குடை வாங்கினவங்களுக்குக் கேக்கும், ஃபிளாஸ்க் வாங்கினவங்களுக்குக் கேக்காதுன்னும் சொல்லலாம்."

திரும்பி வரும் வழியில் வயல்களின்மேல் சாய்ந்த வெயில் பழைய புத்தகத்தாளின் நிறத்தில் விழுந்துகிடந்தது. கல்யாணசுந்தரிக்கு அது எதுவும் கண்ணில் படவில்லை. எல்லாரும் யோக்கியர்கள். மருந்து எடுத்துக் கொடுப்பவன் யோக்கியன், டாக்டர் யோக்கியர், படம் வரைந்தவள் எச்சரிக்கையும் சேர்த்தே எழுதியிருக்கிறாள். இத்தனை யோக்கியர்கள் சேர்ந்து ஒரு மனிதனைக் கத்திக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். யாரைப் பிடிப்பது?

கொல்லயிலில் தென்னந்தோப்புக்குள் இருந்த விலாசினியின் வீட்டுக்கு அவர்கள் அதுவரை போனதில்லை. அவள்தான் அலுவலகத்துக்கு வருவாள். முன்னறையில் பாதி பிரித்த மோட்டார்கள் கிடந்தன. மோகனன் தரையில் உட்கார்ந்து செம்புக் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். முகம் ஊதியிருந்தது. விரல்கள் மட்டும் வேறு யாருடையவோ போல வேகமாக ஓடின. திருடன் கிடைக்கவில்லை என்று சொல்லத்தான் கல்யாணசுந்தரி வந்திருந்தாள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நின்றவளுக்கு விலாசினி பால் விடாத கட்டன் சாயா ஊற்றினாள்.

நீல ஃபிளாஸ்க்கிலிருந்து. மூடியில் அவரைவிதை போல ஒரு படம்.

கல்யாணசுந்தரி அதைப் பார்த்தாள். அவருக்குத் தமிழ்நாட்டு அட்டை, அங்கே சோதனைக்குப் போயிருக்கிறார், ஃபிளாஸ்க் இருப்பதில் அதிசயம் இல்லை. சாயாவை வாயருகே கொண்டுபோனபோது சஜி அவள் முழங்கையைத் தொட்டான். அவன் கண் ஜன்னலைக் காட்டியது. ஜன்னல் கம்பியில் மூன்று மடக்குக் குடை ஒன்று தொங்கியது. அதன் உறையிலும் அதே அவரைவிதை, வேறு நிறத்தில்.

"மோகனண்ணே," என்றாள் அவள். "இந்தக் குடை ஆரு தந்தது?"

பேங்க்ல கொடுத்தது என்றாள் விலாசினி. மோகனன் கம்பி சுற்றுவதை நிறுத்தவில்லை. ஆனால் சுற்று பிசகிப் பிரிந்தது.

அவர் சொல்லச் சொல்ல விலாசினியின் முகம் மாறிக்கொண்டே வந்தது. முதலில் அட்டையில் உள்ள, அக்கா சரோஜம் இருக்கும் களியக்காவிளை விலாசத்தைக் கொடுத்து அந்தப் பக்கத்துச் சோதனையில் சேர்ந்தார். மூன்று மாதத்தில் மூடிவிட்டார்கள். உங்களிடம் பெரிய மாற்றம் இல்லை என்றார்கள். பிறகு திருவனந்தபுரத்தில் அதே மாத்திரைக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டார். முன்பு தின்றவர்களைச் சேர்க்க மாட்டார்கள். கொல்லயில் விலாசத்தைக் கொடுத்தார். ஒரு வருடம் தின்றார். நன்றாக ஆனார். சோதனையில் சிலருக்கு வெறும் மாவு மாத்திரைதான் கொடுப்பார்கள்; இரண்டு இடத்திலும் தனக்குக் கிடைத்தது நிஜ மாத்திரைதான் என்று பின்னால் தெரிந்தது.

"கேட்டாவ, இதுக்கு முன்ன தின்னுதுண்டான்னு. இல்லன்னு கள்ளம் பறஞ்சேன். இஞ்ச எல்லாரும் அப்படித்தான அம்மா? எந்தப் பக்கம் காரியம் நடக்குமோ அந்தப் பக்கத்து விலாசம்."

எல்லையோரத்தில் இது களவே இல்லை. ரேஷனுக்கு ஒரு விலாசம், பள்ளிக்கூடத்துக்கு ஒரு விலாசம். யாரும் கேட்டதில்லை, யாரும் வெட்கப்பட்டதில்லை. அந்தப் படத்தில் எத்தனை பேர் இப்படி இரண்டு பக்கமும் நிற்கிறார்களோ என்று கல்யாணசுந்தரி நினைத்தாள். மாத்திரை கேட்காத தமிழ்நாட்டுக்காரர் ஒருவர். மாத்திரை கேட்ட கேரளத்துக்காரர் ஒருவர். இருவரும் ஒரே ஆள். முன்னால் உட்கார்ந்து பிசகிய கம்பியைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்.

சஜி மெதுவாகச் சிரிக்கத் தொடங்கினான். வழக்கு முடிந்தது என்றான். இவரைக் கொண்டுபோய் டாக்டர் முன்னால் நிறுத்தினால் போதும்.

"ஒண்ணும் முடியல," என்றாள் அவள் எரிச்சலோடு. "ஒத்த ஆளு, மக்கா. இவரு நல்லாயிட்டாருங்கறதுக்கு நூறு காரணம் இருக்கலாம். இது ஆதாரம் இல்ல. ஆதாரம் ஆர்யா சொன்னதாக்கும்."

மேலும், பொய் சொல்லிச் சேர்ந்தவர் என்று தெரிந்தால் டாக்டர் அவரை அடியோடு ஒதுக்கிவிடலாம். வாயைத் திறக்கக் கூடாது என்று மோகனனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தாள். விலாசினி மட்டும் வழியனுப்ப வரவில்லை. உள்ளே கணவனிடம் அவள் பேசிய பேச்சு தோப்பு முழுக்கக் கேட்டது.

மறுநாள் காலை கல்யாணசுந்தரி டாக்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். எத்தனை விதமாக வெட்டினார்கள் என்பதை. வித்தியாசத்தை நேராகச் சோதித்தால் என்ன வந்தது என்பதை. மூன்று மாதத்தையும் பன்னிரண்டு மாதத்தையும். வேலையில் இருந்த காலத்தில்கூட இவ்வளவு தெளிவாக ஒரு குற்றப்பத்திரிகை சொன்னதில்லை. டாக்டர் பொறுமையாகக் கேட்டார். நடுநடுவே தலையாட்டினார். முடிந்ததும் படத்தின்மேல் விரலை வைத்தார்.

"எல்லாம் சரி. ஆனா கோட்டத் தொடுதே," என்றார்.

அவள் மறுபடி தொடக்கத்திலிருந்து சொன்னாள். அவர் மறுபடி தலையாட்டினார். குடையையும் ஃபிளாஸ்க்கையும் வைத்துச் சொன்னாள். நல்ல நகைச்சுவை என்றார். சஜி, தான் பிரேசில் ரசிகன் என்பதை அறிவித்துப் பார்த்தான். அதற்கும் பலன் இல்லை. சுவரில் மின்விசிறி சுற்றியது. திங்கட்கிழமைக்கான ஆபரேஷன் சீட்டு அவர் கைக்குக் கீழே பறந்து பறந்து அடங்கியது.

அப்போது கதவு திறந்தது. மோகனன் நின்றார், பின்னால் விலாசினி. இரவு முழுக்க அவள் பேசியதன் விளைவு அவர் முகத்தில் தெரிந்தது. கல்யாணசுந்தரி வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

"டாக்டரே, அந்தப் படத்துல ரெண்டு பக்கமும் ஞானாக்கும்," என்றார்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். மூன்று மாதத்தில் எதுவும் தெரியாததையும், ஒரு வருடத்தில் கால் வீக்கம் வடிந்ததையும். கள்ளம் சொன்னதற்காகத் தன்னை வெட்டிவிடலாம், அந்தப் பக்கத்து மற்றவர்களை வெட்ட வேண்டாம் என்றார். டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். அந்தச் சோதனை எப்போதோ முடிந்துபோனது, அதன் விதி என் ஆஸ்பத்திரியைக் கட்டுப்படுத்தாது என்று மெல்லச் சொன்னார். பிறகு அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைக் கல்யாணசுந்தரி நம்ப முடியாமல் பார்த்தாள்.

ஜிஜினை வரச் சொன்னார். நிறுத்திய எல்லாருக்கும் இன்றே மாத்திரையைத் தொடங்கச் சொன்னார். ஆபரேஷன் சீட்டை எடுத்து இரண்டாகக் கிழித்தார். மூன்று மாதம் பார்ப்போம் என்றவர், நாக்கைக் கடித்துக்கொண்டு, இல்லை, ஒரு வருடம் பார்ப்போம் என்றார். மோகனனுக்குப் புதுச் சீட்டு எழுதத் தொடங்கினார்.

"இத நீங்க முதல்லயே சொல்லியிருக்கலாமே," என்றார் அவளிடம்.

"முதல்ல சொன்னதுதான் டாக்டர் ஆதாரம். இது ஒரு ஆளோட கதை."

"எனக்கு இதுதான் விளங்கிச்சு."

ஜெயித்தாயிற்று. கட்சிக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் ஆயிரக்கணக்கான ஆட்களைச் சேர்த்து எண்ணிய கணக்கு இந்த மேஜையில் தோற்றது. ஒரே ஒரு ஆள் உள்ள பிரிவு ஜெயித்தது. நாளை இந்தக் கதவு வழியாக இன்னொரு ஒற்றை ஆள் வந்தால் என்ன ஆகும்? கல்யாணசுந்தரி அதைக் கேட்காமல் எழுந்து போயிருக்கலாம். முடியவில்லை.

"டாக்டர், நாளைக்கு ஒருத்தர் வந்து, இந்த மாத்திரை தின்னு தலை சுத்தி விழுந்தேன்னு சொன்னா என்ன செய்வீங்க?"

டாக்டரின் பேனா சீட்டின் நடுவில் நின்றது. அவர் நெற்றி சுருங்கியது.

"ஆரு அது?" என்று கவலையோடு கேட்டார்.

விலாசினி எட்டி, எழுதிய வரைக்கும் போதும் என்று அந்தச் சீட்டை அவர் கைக்குக் கீழிருந்து உருவி எடுத்துக்கொண்டு, கணவனை முன்னால் தள்ளியபடி மருந்து கவுண்டரை நோக்கி ஓடினாள்.